பழைய சொகுசா, புதிய சாதாரணமா?

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் குடியிருப்பில் இரண்டு பேர் தனித்தனியாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், கையில் 20 லட்சம் இருக்கிறது. புதிதாக ஒரு க்ரெட்டாவோ செல்டோஸோ எடுக்கலாம். அதே காசுக்கு ஆறு வருஷம் ஓடிய ஜெர்மன் எஸ்.யு.வி.யும் கிடைக்கிறது. எதை எடுப்பது?"

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கி கவுன்ட்டரில் காலம் தள்ளியவன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. வண்டியின் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். செயலாளரும் அதைத்தான் பேசச் சொன்னார்.

முதலில் என் வீட்டுக் கதை. சில வருடங்களுக்கு முன் என் மைத்துனர் இப்படி ஒரு வண்டி வாங்கினார். புதிதில் 60 லட்சம் விலை போனது. ஆறு வருடம் கழித்து 20 லட்சத்துக்கும் குறைவாகக் கிடைத்தது. "அத்தான், 40 லட்சம் லாபம்" என்றார். நானும் அதில் திருச்சி வரை போனேன். பொய் சொல்லக்கூடாது, அருமையான வண்டி. விழுப்புரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஏர் சஸ்பென்ஷன் போய்விட்டது. அதைப் பார்க்கப் போன இடத்தில் கியர்பாக்ஸிலும் கோளாறு என்றார்கள். எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்துக்குப் பக்கம். அந்த மாதம்தான் அவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். என்னிடம் கைமாற்று கேட்டார், கொடுத்தேன். அதன்பிறகு ஏழெட்டு மாதம் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் பணத்தைக் கேட்கவில்லை. அவருக்குத்தான் கூச்சம். என் மனைவிக்கு அந்த வருஷம் தீபாவளிக்குத் தம்பி வராதது பெரிய குறை.

இதில் அவர் செய்த தவறு என்ன? வண்டி விலையை மட்டும் பார்த்தார். நீங்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 60 லட்ச ரூபாய் வண்டியின் விலை 20 லட்சமாக இறங்கும். அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது. சர்வீஸ் கவுன்ட்டரில் அது என்றைக்கும் 60 லட்ச ரூபாய் வண்டிதான். நாம் 20 லட்சச் சம்பளக்கணக்கில் நின்றுகொண்டு 60 லட்ச வண்டிக்குப் பில் கட்டுகிறோம்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. இவை நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

புதிய வண்டி, ஆன்-ரோடு விலை 20 லட்சம். ஐந்து வருடம் கழித்து 9 லட்சத்துக்கு விற்கிறீர்கள். தேய்மானம் 11 லட்சம். இன்ஷூரன்ஸ் 2 லட்சம், சர்வீஸ் 1 லட்சம். மொத்தம் 14 லட்சம்.

பழைய சொகுசு வண்டி, அதே 20 லட்சம். ஐந்து வருடம் கழித்து அதற்கு வயது 11. 8 லட்சத்துக்குப் போகிறது என்று தாராளமாகவே வைப்போம். தேய்மானம் 12 லட்சம். இன்ஷூரன்ஸ் 3 லட்சம். சர்வீஸ், டயர், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 7 லட்சம். மொத்தம் 22 லட்சம்.

வித்தியாசம் 8 லட்சம். 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 13,000 ரூபாய்க்கு மேல். அந்தச் சொகுசுக்கு மாதம் 13,000 கொடுக்க உங்களுக்கு மனமும் வசதியும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அது தப்பே இல்லை. ஆனால் அதை லாபம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

பழைய வண்டிக்கும் சாதகமாகப் பேசியாக வேண்டும். நம் மாநிலத்தில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 15 லட்சம் வண்டிக்கு 2,70,000 ரூபாய். தமிழ்நாட்டுப் பதிவுள்ள பழைய வண்டிக்கு இதை முதல் உரிமையாளரே கட்டிவிட்டார். முதல் சில வருடங்களின் பெரிய விலை இறக்கமும் அவர் தலையில்தான் விழுந்தது.

ஆனால் டெல்லிப் பதிவு வண்டி என்றால் யோசியுங்கள். அங்கே 10 வருடமான டீசல் வண்டிகளுக்கும் 15 வருடமான பெட்ரோல் வண்டிகளுக்கும் தடை வந்ததால், பல வண்டிகள் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வந்தன. இங்கே கொண்டுவர அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ப மறுபடி வரி கட்ட வேண்டும். அதையும் சேர்த்தால் மலிவு அவ்வளவு மலிவாக இருக்காது.

அடுத்தது கடன். இது என் பழைய வேலை. பழைய வண்டிக் கடனுக்குப் பொதுவாக வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. விற்பவர் சொல்லும் விலைக்கு வங்கி கடன் தராது, மதிப்பீட்டாளர் போடும் விலைக்குத்தான் தரும். மிச்சத்தை நீங்கள்தான் கையிலிருந்து போட வேண்டும்.

விற்பவர் "லோன் எல்லாம் அடைத்தாகிவிட்டது சார்" என்பார். அடைத்தது வேறு, ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியது வேறு. படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைக் கடிதமும் ஆர்.டி.ஓ.வுக்குப் போய், ஹைப்பாதிகேஷன் நீங்கினால்தான் வண்டி முழுசாக உங்களுடையதாகும். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, எத்தனையாவது உரிமையாளர் என்று தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் மூன்று செய்தி. ஒன்று, விற்பவர் சேர்த்து வைத்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அதேபோல உங்கள் பழைய காரில் சேர்ந்த போனஸை விட்டுவிடாமல் அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். இரண்டு, சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். அதைச் சரிக்கட்டும் ஜீரோ டெப் வசதி பழைய வண்டிகளுக்குக் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலும் ஐந்து வருடத்தோடு நின்றுவிடும். சொகுசு வண்டியின் ஒரு பம்பர், ஒரு ஹெட்லைட் விலையை விசாரித்துப் பாருங்கள், இதன் அருமை புரியும். மூன்று, வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

நம்மைப் போன்ற சென்னைவாசிகளுக்குத் தனியாக ஒன்று: வெள்ளம். 2015-லும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நமக்கே தெரியும். அவற்றில் பல கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வந்திருக்கும். பழைய வண்டி பார்க்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சொகுசு வண்டி முழுக்க எலெக்ட்ரானிக்ஸ். தண்ணீர் பட்ட ஒயர் இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மழைக்கு மக்கர் செய்யும். புதிய வண்டியோ பழையதோ, என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் வசதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டால் சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது.

ஓட்டமும் முக்கியம். காலையில் பேரனைப் பள்ளியில் விடுவது, மாலையில் கோயில், காய்கறி என்று தினம் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு டீசல் சொகுசு வண்டி சரிப்படாது. அதிலுள்ள டி.பி.எஃப். என்ற புகைவடிகட்டி நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறினால்தான் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். குட்டிக் குட்டி ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் பழைய சொகுசு வண்டி யாருக்கு? என் கணக்கில், நான்கு நிபந்தனையும் பொருந்துகிறவருக்கு. வண்டிக்கு வயது மூன்று, நான்கு வருடத்துக்குள் இருக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் பதிவுகள் முழுசாக இருந்து, நீட்டித்த வாரண்டியும் கிடைக்க வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இருக்க வேண்டும். வண்டி விலை போக இன்னொரு 4 லட்சம் தனி டெபாசிட்டாக, தொடாமல் கிடக்க வேண்டும். இதில் கடைசி நிபந்தனைதான் முக்கியம். 20 லட்சம் இருந்தால் 16 லட்சத்து வண்டியைப் பாருங்கள். மிச்சம் 4 லட்சமும் அந்த வண்டியின் விலைதான், இன்னும் பில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வூதியப் பணத்திலோ, பிள்ளைகளின் படிப்புப் பணத்திலோ கை வைத்து வாங்குவதாக இருந்தால் புதிய சாதாரண வண்டியையே எடுங்கள். வாரண்டி இருக்கிறது, செலவு முன்கூட்டியே தெரியும். ராத்திரி தூக்கம் வரும். திருச்சி ரோட்டில் வராவிட்டாலும் வீட்டில் வரும்.

என் மைத்துனர் கடைசியில் அந்த வண்டியை விற்றார். எவ்வளவுக்கு என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. என் பணத்தை மூன்று தவணையில் கொடுத்தார். கடைசித் தவணை கொடுக்க வந்த அன்றுதான் உட்கார்ந்து சாப்பிட்டார். வந்தது ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கில். வாசலில் நிறுத்திவிட்டு, "அத்தான், இதுக்கு பம்பர் விலை கேட்டுட்டுத்தான் வாங்கினேன்" என்றார்.

நீங்களும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.