நீமோவின் நாடு எது?



இந்து வாலிபர் மேடையிலே விஞ்ஞானக் கற்பனைக் கதையொன்றைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், அக்கதையின் ஒரு காட்சி நமது மன்னார்க் கடலின் அடியிலே நிகழ்கின்றது. அதனை முன்னிட்டு எம்மைப் பொறுத்தருள்க.

பிரெஞ்சு நாவலாசிரியர் யூல்ஸ் வேர்ண் 1869, 1870ஆம் ஆண்டுகளில் எழுதி வெளியிட்ட கடற்கதையிலே, நோட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மின்சாரத்தால் இயங்குகின்றது. அதன் தலைவன் நீமோ. இலத்தீனில் அச்சொல்லுக்கு ‘எவனும் அல்லன்’ என்பது பொருள். அவனுடைய கப்பலிலே பன்னீராயிரம் நூல்கள் உண்டு. அவன் எந்நாட்டவன் என்பது மட்டும் எவர்க்கும் தெரியாது.

மன்னார் முத்துப்பாரிலே, மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி பொறுக்கும் ஏழையொருவனைச் சுறா தாக்குகின்றது. நீமோ கையிற் கத்தியுடன் அதன்மேற் பாய்கின்றான். உடன்வந்தவன் குத்திய ஈட்டியாற் சுறா மடிகின்றது. மூர்ச்சித்த ஏழையைத் தேற்றி, முத்துப்பை ஒன்றையும் நீமோ அளிக்கின்றான். அவன் ஒடுக்கப்பட்ட மக்களைச் சேர்ந்தவன் என்றும், தானும் அவர்களுள் ஒருவனே என்றும் பின்னர்க் கூறுகின்றான்.

1874, 1875ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘மர்மத் தீவு’ அவன் யாரென்பதைச் சொல்கின்றது. அவன் புந்தேல்கண்ட் அரசகுமாரன் தக்கார். ஆண்டவரோடு சமமாக நின்று பொருதத்தக்க அறிவைப் பெறும்பொருட்டு, பத்து வயதிலேயே தந்தை அவனை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கற்றுத் திரும்பியவன் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் போரிட்டான். மனைவி மக்களை இழந்தான். நாட்டைத் துறந்து கடலடியிற் புகுந்தான்.

நாங்களும் மிஷன் பாடசாலையிற் பயின்றவர்களே. காலையில் விவிலிய வகுப்பு. மாலையிற் கோயிலிலே தேவாரம். பாடசாலையில் எம்மை இந்துப் பிள்ளைகள் என்றனர்; ஊரில் மிஷன் பிள்ளைகள் என்றனர். “நீங்கள் யார் பக்கம்?” என்று பெரியோர் சிலர் கேட்டபோது, மறுமொழி அறியாது தலைகுனிந்ததுண்டு. ஆதலின் நீமோவின் துயரம் எமக்கு அந்நியமன்று.

எனினும், அவன் சென்ற வழி எமக்கு உடன்பாடன்று. பெற்ற கல்வி அனைத்தையும் அவன் கடலுக்குள்ளே கொண்டுபோய்ப் பூட்டினான். பகைவர் கப்பலை உடைத்து, அதிலிருந்தோர் யாவரையும் மூழ்கடித்தான். முத்துக்குளிப்பவனுக்குக் கைகொடுத்த அந்தச் சிறுபொழுதிலேதான் அவன் நாடுள்ளவனாக எமக்குத் தோன்றுகின்றான்.

வேர்ண் வாழ்ந்த அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் வாழ்ந்தார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தவர் அவர். அத்தகையவரே 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; பின்னர் அச்சியந்திரமும் வருவித்தார். பிறரிடம் கண்ட போதனாமுறையையும் அச்சுக்கலையையும் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரியனவாக்கினார். அவர் யார் பக்கம் என்று இன்று எவரும் கேட்பதில்லை.

பெரியோர்களே, எம்மைப் பாதி அந்நியராக எண்ணாது பணி தாருங்கள். சகோதரர்களே, வாரத்தில் ஒரு மாலையேனும் அயற்கிராமப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுப்போம். அவர்கள் எம்மை ‘எங்கள் அண்ணன்மார்’ என்று அழைக்கும் நாளில், யார் பக்கம் என்ற அக்கேள்விக்கு நாங்கள் தலைநிமிர்ந்து மறுமொழி கூறுவோம்.