கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

செலாயாங் வாழ் பெற்றோர்களே, தாதிமைப் பயிற்சி முடித்த தங்கைகளே,

வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை என்றால் நம் வீடுகளில் மகிழ்ச்சிதான். படிப்புக் கடன் தீரும், அப்பாவின் ஓவர்டைம் குறையும். அந்த நம்பிக்கையைக் கெடுக்க நான் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2014-இல் ஈராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 இந்தியத் தாதியர் போரில் சிக்கினர். கேரளப் பெண்களோடு தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். ஏன்? அங்கே சம்பள பாக்கி; ஊரிலே, வேலைக்குப் போக வாங்கிய கடன். துப்பாக்கிக்கு முன்பே கடன் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. ஜூலை 5-ஆம் நாள்தான் கொச்சி வந்து சேர்ந்தார்கள்.

மறு ஆண்டு, வளைகுடா நாடுகளுக்குத் தாதியரை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று இந்திய அரசு உத்தரவிட்டது. அடி விழுந்த பிறகு வந்த பாதுகாப்பு அது.

நம் நாட்டில் 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஆள் எடுப்பது குற்றம். ஆகவே:

முகவரின் உரிமத்தைத் தொழிலாளர் இலாகாவில் சரிபாருங்கள்.

கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ரசீது கேளுங்கள்.

சம்பளம், வேலை நேரம், பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். புரியாத மொழியில் இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

கடப்பிதழின் நகலை வீட்டில் வையுங்கள். போன நாட்டில் நம் தூதரகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

என் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகே வருகிறார்கள். தயவுசெய்து, போடுவதற்கு முன் வாருங்கள்.