பொழுதைத் திரும்பப் பெறுதல்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இப்போது காலை பத்து மணி. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருந்து இணைந்திருப்பவர்களுக்கு இரவு ஏழரை. சிட்னி நண்பர்களுக்கு நள்ளிரவு. விழித்திருந்து கேட்பதற்குத் தனியாக ஒரு நன்றி. இந்த மணிக்கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

கைப்பேசியைக் குறைத்து நேரத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். இலக்கியக் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், நாம் அதிகம் கேட்கும் பதில் ஒன்றுதான்: "வாசிக்க நேரம் கிடைக்கவில்லை." அது பொய்யும் இல்லை. இரண்டு வேலை, ஷிஃப்ட், பிள்ளைகளின் வகுப்புகள், பனிக்காலத்தில் வண்டி ஓட்டம் எல்லாம் உண்மைதான். ஆனால் 2018 முதல் ஆப்பிளும் கூகுளும் தங்கள் கைப்பேசிகளிலேயே ஒரு கணக்கைக் காட்டுகின்றன. ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்தால் ஆண்டுக்கு 730 மணி நேரம். இரவும் பகலும் சேர்த்து முழுதாக முப்பது நாட்கள்.

இந்தக் கணக்கைக் கேட்டு எல்லோரும் ஒருமுறை பெருமூச்சு விடுவோம். அடுத்த நிமிடம் மறந்துவிடுவோம். ஏனென்றால் நிமிடங்கள் போவது யாருக்கும் வலிப்பதில்லை. வலிப்பது வேறொன்று. அதற்கு நம் மொழியில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: பொழுது.

அகப்பாடல்களுக்கு முதற்பொருள் என்று நம் இலக்கண மரபு சொல்வது இரண்டை. ஒன்று நிலம், மற்றது பொழுது. ஒரு நாளை மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. இன்றைய கணக்கில் நான்கு மணி நேரம். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை. காத்திருக்க ஒரு பொழுது, கூடுவதற்கு ஒரு பொழுது, ஊடுவதற்கு ஒரு பொழுது. மணி என்பது எண். பொழுதுக்கோ ஒளியும் மணமும் மனநிலையும் உண்டு.

கைப்பேசி நம்மிடம் இருந்து எடுப்பது இந்தப் பொழுதைத்தான். வைகறையில் பார்ப்பதும் அதே திரை, யாமத்தில் பார்ப்பதும் அதே திரை. அதே சண்டை, அதே சிரிப்பு, அதே மரண அறிவித்தல். ஆறு பொழுதுகளும் ஒரே நிறமாகிவிட்டன.

புலம்பெயர்ந்த நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கேதான் அந்த மணிக்கணக்கு வருகிறது. கோடையில் ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நமக்கு இரவு பத்து மணி ஆகும்போது அங்கே காலை ஏழரை. பள்ளிக்கூட நண்பர்கள் குழு, ஊர்ச் சங்கக் குழு, சொந்தக்காரர் குழு எல்லாம் அப்போதுதான் கண் விழிக்கின்றன. நாம் படுக்கப் போகும் நேரத்தில் "இனிய காலை வணக்கம்" வந்து விழுகிறது, ரோஜாப்பூப் படத்தோடு. உடல் யாமத்தில் இருக்கிறது, மனம் இன்னொரு ஊரின் காலையில் இருக்கிறது. அப்படிப் பன்னிரண்டு மணி வரை இருந்துவிட்டு ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவருக்கு நாவல் வாசிக்க எங்கே மனம் வரும்?

பருத்தித்துறையில் இருக்கும் என் அம்மா, நான் அழைத்தால் முதலில் கேட்பது நலம் அல்ல. "அங்க இப்ப எத்தின மணி? இன்னும் நித்திரை கொள்ளேல்லையே?" என்றுதான் கேட்பார். நான் எந்தப் பொழுதில் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்ட பிறகே பேச்சைத் தொடங்குவார். இந்தக் கேள்வியை எந்தச் செயலியும் நம்மிடம் கேட்பதில்லை.

கேட்காதபடிதான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்தது. ஒவ்வொரு வாரமும் ஓரிடத்தில் 'தொடரும்' என்று நின்றது. வாசகர் இதழை மூடி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார். கதையைப் பற்றி ஒரு வாரம் யோசித்தார், பேசினார். 2006இல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கினார். அதில் பக்கத்தின் அடி என்பதே இல்லை. அதற்காகப் பின்னர் அவரே வருத்தம் தெரிவித்தார். 'தொடரும்' நம்மை வெளியே அனுப்பியது. இது அனுப்புவதில்லை.

கலிபோர்னியப் பேராசிரியர் குளோரியா மார்க், வேலை செய்கிறவர்கள் கணினித் திரையில் ஒன்றின் மேல் எவ்வளவு நேரம் கவனம் வைக்கிறார்கள் என்று நீண்ட காலம் அளந்திருக்கிறார். 2004இல் சராசரி ஏறத்தாழ இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் அது 47 நொடி. நல்ல நாவலின் ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க 47 நொடி போதாது.

அதற்காகக் கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது நமக்குச் செய்த நன்மை கொஞ்சமல்ல. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. 2014 முதல் 2020 வரை ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்களாக இணையத்தில் நாள்தோறும் வெளிவந்தது. ரயிலிலும் பேருந்திலும் கைப்பேசியில் அதை வாசித்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, ஊரில் வயதான பெற்றோர் இருக்கிற ஒருவர் இரவில் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுக்க முடியாது. நடுச்சாமத்தில் வரக்கூடிய அந்த ஒரு அழைப்புக்குத்தான் நாம் எல்லோரும் அதைத் தலைமாட்டில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த ஓர் அழைப்புக்காகத் திறந்து வைத்த கதவால் நாள் முழுக்க நூறு பேர் வந்து போகிறார்கள்.

அதனால் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலாவது, கைப்பேசி இரவில் கூடத்தில்தான் இருக்கும், மணி ஒலி முழுச் சத்தத்தில். தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பில் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். அம்மா, தம்பி, பக்கத்து வீட்டு மாமி, மருத்துவரான மச்சாள் என்று நான்கு எண்கள். அவர்கள் அழைத்தால் வீடே எழும்பும். மற்றவை காலை வரை காத்திருக்கும்.

இரண்டாவது, குழுக்கள் எல்லாவற்றையும் 'எப்போதும்' ஒலியில்லாமல் வைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை பார்ப்பது. அப்போது ஊரில் அதிகாலை மூன்றரை. எல்லோரும் நித்திரை. பதிலுக்குப் பதில் வராது, விவாதம் வளராது. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மாவோடு பேச வேண்டுமானால் காலை ஏழு மணி. அவருக்கு மாலை நாலரை, தேத்தண்ணி குடிக்கும் நேரம். இருபது படங்களை அனுப்புவதைவிட அந்த அரை மணிப் பேச்சு இருவருக்கும் நல்லது.

மூன்றாவது, ஒரு நாழிகை வாசிப்பு. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். நிதானமாக வாசித்தாலும் பத்துப் பக்கம் போகும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', மெடானிலும் பினாங்கிலும் அலைந்த தமிழர்களின் கதை, நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது. நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

அதை அச்சுப் புத்தகத்தில் வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் கண் அல்ல, பிள்ளைகள். நான் கைப்பேசியில் குறுந்தொகை வாசித்தாலும் என் மகளின் பார்வையில் "அப்பா ஃபோன் பார்க்கிறார்", அவ்வளவுதான். கையில் தமிழ்ப் புத்தகம் இருந்தால், அட்டையைப் பார்ப்பாள், ஒருநாள் "இது என்ன கதை?" என்று கேட்பாள். வார இறுதித் தமிழ் வகுப்புக்கு எவ்வளவோ செலவழிக்கிறோம். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க ஒரு செலவும் இல்லை.

திருக்குறளின் 49ஆம் அதிகாரம் காலமறிதல். நேரத்தைச் சேமிப்பது பற்றி அது பெரிதாகப் பேசுவதில்லை. தன்னைவிட வலிய கூகையைக் காகம் பகலில் வென்றுவிடும் என்றுதான் தொடங்குகிறது. கைப்பேசி நம்மைவிட வலியது. இரவு பதினொரு மணிக்குக் களைத்த மனதோடு அதனுடன் மல்லுக்கட்டினால் தோற்போம்; அது கூகையின் நேரம். நமக்கு வலிமையுள்ள பொழுது எது என்று ஒவ்வொருவரும் கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டால் போதும். ஆறில் ஒன்று போதும்.

அடுத்த மாதம் இதே கூட்டத்தில் 'புயலிலே ஒரு தோணி' பற்றி உரையாடலாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன். எந்தப் பொழுதில் வாசித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.