கடல் வரைக்கும் ரோடு, களத்துமேட்டுக்கு எது?

(பிளவக்கல் பாசன விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கான்சாபுரம், கூமாப்பட்டி, நெடுங்குளம், வத்திராயிருப்பு, மகாராஜபுரம் என்று பல ஊர்களிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பிளவக்கல் என்றாலே நாம் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவோம். பெரியாறு, கோவிலாறு அணைகளும் அதை நம்பியிருக்கிற கண்மாய்களும் நமக்கு உயிர். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது வண்டி வாடகையைப் பற்றி. பாடுபட்டு விளைய வைத்த பிறகு நம்ம காசு எந்த வழியாப் போகுதுன்னு பார்க்க வேண்டாமா?

தேங்காய் வியாபாரி தோப்புக்கு வருகிறார். காங்கேயத்திலே இன்ன விலை என்கிறார். அதிலே வெட்டுக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, கமிஷன் எல்லாத்தையும் கழிக்கிறார். மிச்சம்தான் நமக்கு. மாங்காய்க்கும் இதே கதைதான். சரி, மோட்டார், குழாய், விதைன்னு வாங்கப் போனா, அந்த விலையிலேயே வண்டிச் செலவும் சேர்ந்து வருது. வித்தாலும் வாடகை நம்ம தலையிலே, வாங்கினாலும் நம்ம தலையிலே!

இது இப்படி. அரசாங்கம் எங்கே பணம் போடுகிறது? தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 7,056 கோடி ரூபாய் மதிப்பில் வெளித் துறைமுகக் கன்டெய்னர் முனையத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2025 ஜூலையில் சுமார் 285 கோடியில் கட்டிய புதிய சரக்குத் தளத்தைத் திறந்து வைத்தார். இந்தப் பக்கம் திருமங்கலத்திலிருந்து ராஜபாளையத்துக்கு நான்குவழிச்சாலை. அதுக்கு நிலம் கொடுத்தது யார்? விவசாயி!

துறைமுகம் வேண்டாம், ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடல் வரைக்கும் போகிற பணத்திலே ஒரு பங்கு களத்துமேட்டுக்கும் வரட்டும் என்கிறோம்.

"சரக்குக் கட்டணம் வியாபார விஷயம், அரசு என்ன செய்யும்?" என்று அதிகாரிகள் கேட்கலாம். அந்தத் துறைமுகம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி அவரை நசுக்கப் பார்த்தது. அன்றைய அரசாங்கமும் அவர்கள் பக்கமே நின்றது, 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளியது. கட்டணம் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் சந்தையும் இருக்கும்.

இன்றைக்கும் அரசு நினைத்தால் முடியும். யூரியா மூட்டை 45 கிலோ 266 ரூபாய் 50 காசு. தூத்துக்குடி ஆலைக்குப் பக்கத்தில் வாங்கினாலும் வத்திராயிருப்பில் வாங்கினாலும் அரசு நிர்ணயித்த விலை அதுதான். கூட வாங்கினால் அது கொள்ளை! எப்படி ஒரே விலை? உரத்தை ஏற்றி வருகிற சரக்குக் கட்டணத்தை மத்திய அரசு கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது. உரம் ஊருக்குள் வர வாடகை கொடுக்கிற அரசு, தேங்காயும் மாங்காயும் ஊரைவிட்டு வெளியே போக ஏன் கொடுக்கக் கூடாது?

அதையும் செய்துதான் பார்த்தார்கள். 2020 ஆகஸ்ட் 7-இல் மகாராஷ்டிராவின் தேவ்லாலியிலிருந்து பீகாருக்கு முதல் கிசான் ரயில் ஓடியது. காய்கறிக்கும் பழத்துக்கும் பாதி வாடகை மானியம் தந்தார்கள். பிறகு மானியம் நின்றது, ரயிலும் நின்றுபோனது. நம்ம ஊர் வழியா சென்னைக்குப் பொதிகை தினமும் போகுது. சீசனிலே நம்ம சப்பட்டை மாம்பழத்தை ஏற்ற ஒரு பெட்டி கூடாதா?

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். சரக்கு ரெண்டு பக்கமும் போகும். பருத்திக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை மத்திய அரசு நீக்கியது. பல மாநிலங்களில் புதுப் பருத்தி சந்தைக்கு வருகிற காலம் அது! வெளிநாட்டுப் பேல் கப்பலிலிருந்து இறங்கி மில்லுக்கு நேராகப் போக நல்ல ரோடு இருக்கு. மழை பெய்தால் நம்ம டிராக்டர் கண்மாய்க்கரையைத் தாண்டாது. இது என்ன நியாயம்?

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. மாம்பழ சீசனில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையங்களில் சென்னை ரயிலுக்குப் பார்சல் பெட்டி வேண்டும். பாதி வாடகை மானியத்தைத் திரும்பக் கொடு!

2. கண்மாய்க்கரைப் பாதை, களத்துப் பாதைகளை மழையிலும் வண்டி போகும்படி போட்டுக் கொடு!

3. நெல் கொள்முதல் நிலையங்களுக்குக் கூரையும் உலர்களமும் வேண்டும். சிறு விவசாயி இருப்பு வைத்து, அதன் பேரில் கடன் வாங்கி, விலை வரும்போது விற்கக் கிட்டங்கி வேண்டும்.

4. நான்குவழிச்சாலையால் வாய்க்காலை மறிக்காதே! நிலம் கொடுத்தவர்களுக்கு 2013 சட்டப்படி முழு இழப்பீடு கொடு!

5. அறுவடைக் காலத்தில் பருத்தி வரியில் கை வைக்காதே!

கடைசியாக ஒரு வேலை. வீட்டுக்குப் போனதும் போன அறுவடையிலே லோடுக்கு எவ்வளவு வாடகை பிடித்தார்கள், மூட்டைக்கு என்ன கூலி கழித்தார்கள் என்று ஒரு தாளிலே எழுதுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஊருக்கு ஒரு கணக்கு. அத்தனையும் சேர்த்து விருதுநகரில் கலெக்டரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலே மேசைமேல் வைப்போம். வெறும் கோஷத்துக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம். கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வாருங்கள், ஒன்று திரள்வோம்! விளைச்சலுக்கு வழி கேட்போம்!