வலுவை ஏற்றுதலும் வலுவைத் தாங்குதலும்



இயந்திரம் ஒன்றைக் கையாளத் தொடங்கிய மனிதனுக்கு அதன் வலு ஒருபோதும் போதுமானதாகத் தோன்றுவதில்லை. கொட்டியாரக் குடாவின் தென்பால், மூதூரை அடுத்துள்ள கட்டைபறிச்சானில் வயலுக்கு நீர் இறைக்கும் டீசல் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகாணியைச் சற்றே திருகிவிட்டால் இயந்திரம் உறுமுகிறது; நீர் சிறிது மிகுதியாகப் பாய்கிறது; கூடவே புகைக்குழாயிலிருந்து கரும்புகையும் கிளம்புகிறது. திருகியவர் பாயும் நீரைப் பார்த்து மகிழ்கிறார். புகையை அவர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தப் புகை, முற்றாக எரியாமல் வீணாகும் எரிபொருளின் சாட்சி. அதற்கும் அவரே பணம் கொடுத்திருக்கிறார்.

இதே ஆசை பல கோடி ரூபாய் பெறுமதியான சொகுசு மோட்டார் காரை உடையவருக்கும் உண்டு. தொழிற்சாலை அமைத்துத் தந்த வலு அவருக்குப் போதவில்லை. வாங்கிய பின்னர், அதனைச் செய்தவர் அல்லாத வேறொருவரிடம் ஒப்படைத்து, இயந்திரத்தின் வலுவை மேலும் ஏற்றித் தருமாறு கேட்கிறார். உலகெங்கும் இது இன்று பெரிய தொழிலாக வளர்ந்திருக்கிறது. கட்டைபறிச்சான் போன்ற ஊர்களிலிருந்து திருகோணமலைக்கும் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று கராஜுகளில் தொழில் பழகும் இளைஞரின் கையிலும் இத்தகைய கார் ஒருநாள் ஒப்படைக்கப்படலாம். ஆகவே இத்தொழிலின் அடிப்படையை அறிந்துகொள்வது செல்வரின் பொழுதுபோக்கை அறிந்துகொள்வது மாத்திரம் அன்று. உழைப்பவரின் கடமையை அறிந்துகொள்வதும் ஆகும்.

பெற்றோல் இயந்திரம் சுவாசித்து வாழும் ஓர் உயிரைப் போன்றது. உருளைக்குள் காற்று நுழைகிறது. அதனோடு கலந்த எரிபொருள் தீப்பற்றுகிறது. வெப்பத்தால் விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஒரு பங்கு பெற்றோல் செவ்வையாக எரிய, எடையளவில் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். எரிபொருளை மாத்திரம் கூட்டுவதால் பயனில்லை என்பது இதனால் விளங்கும். மிகுந்த வலு வேண்டுமாயின் மிகுந்த காற்று உள்ளே செல்ல வேண்டும்.

காற்றைக் கூட்டும் வழிகள் மூன்று. உருளையின் கொள்ளளவைப் பெரிதாக்குவது ஒன்று. இயந்திரத்தை மேலும் விரைவாகச் சுழலச் செய்து, ஒரு நிமிடத்தில் அது எடுக்கும் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டுவது மற்றொன்று. வெளியிலிருந்து காற்றை அமுக்கி உள்ளே திணிப்பது மூன்றாவது. திணிக்கும் கருவியை இயந்திரமே நேராகச் சுழற்றுமாயின் அதன் பெயர் சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் வேகம் சுழற்றுமாயின் அதன் பெயர் டர்போ. இன்றைய கணினி முறைகள் யாவும் இம்மூன்றனுள் அடங்குவனவே.

மூன்றாவது வழியின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஓர் அத்தியாயம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1920களில் வால்டர் ஓவன் பென்ட்லி என்பவர் செய்த மோட்டார் கார்கள் உறுதிக்கும் உயர்வுக்கும் பெயர் பெற்றிருந்தன. பிரான்சின் லெ மான் நகரில் இருபத்துநான்கு மணிநேரம் இடைவிடாது நடைபெறும் ஓட்டப் போட்டியில் 1928ஆம் ஆண்டு வென்றது அவருடைய நாலரை லீற்றர் கார். அதன் இயந்திரம் தந்தது சுமார் 110 குதிரைவலு. ஓட்ட வீரரான சர் ஹென்றி பர்க்கினுக்கு அது போதவில்லை. சூப்பர்சார்ஜர் பொருத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பென்ட்லி இசையவில்லை. வலு வேண்டுமாயின் இயந்திரத்தைப் பெரிதாக்க வேண்டும். காற்றைத் திணிப்பது இயந்திரத்தின் இயல்பைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை.

பர்க்கின் விடவில்லை. டொரத்தி பாஜெட் என்ற செல்வச் சீமாட்டி பொருளுதவி செய்தார். அம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளர் சூப்பர்சார்ஜரை வகுத்தார். காரின் முகப்பிலே, நீர்க் குளிராக்கிக்கு முன்னால், அது பொருத்தப்பட்டது. போட்டிக்கென அமைந்த கார்கள் 240 குதிரைவலு அளவுக்கு வழங்கின. பழைய வலுவினும் இருமடங்குக்கு மேல்! கேட்டவர் வியந்தனர், பார்த்தவர் மயங்கினர்.

ஆனால் லெ மான் போட்டியில் அக்கார் ஒருமுறையேனும் வெல்லவில்லை. 1930ஆம் ஆண்டு பர்க்கின் மின்னலெனப் பாய்ந்து, ஜெர்மனியின் மெர்சிடிஸ் காரை விரட்டினார். இருபத்துநான்கு மணிநேரம் முடிவதற்குள் சூப்பர்சார்ஜர் பூண்ட பென்ட்லிகள் போட்டியிலிருந்து விலகின. முதலிரு இடங்களையும் பெற்றவை, காற்றைத் திணிக்காமல் ஆறரை லீற்றர் கொள்ளளவோடு அமைந்த மற்றைய பென்ட்லிகளே. அவ்வாண்டு பிரெஞ்சுப் பெரும் போட்டியில் பர்க்கின் இரண்டாம் இடம் பெற்றார். 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் சுற்றி வந்து சாதனையும் நிகழ்த்தினார். குறுகிய தூரத்தில் அந்தக் கார் புலி. நெடுந்தூரத்தில் அதற்கு மூச்சு முட்டியது. ஏற்றிய வலு உண்மையானதே. அதனை நீண்ட நேரம் தாங்குவதற்கு ஏனைய உறுப்புகள் அணியமாகவில்லை. பென்ட்லி நிறுவனமும் பணநெருக்கடியில் வீழ்ந்து, 1931இல் றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் வசமாயிற்று.

அந்த றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் கதை, கட்டைபறிச்சான் மக்களுக்குச் சேய்மையானது அன்று. கொட்டியாரக் குடாவுக்கு வடபால், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து, சீனக்குடா விமானத்தளம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அத்தளத்திலிருந்து எழுந்து எதிர்த்தவை ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் நெஞ்சில் துடித்தது, சொகுசுக் கார்களுக்குப் புகழ் பெற்ற அதே நிறுவனத்தின் மெர்லின் இயந்திரம்.

மெர்லினின் கொள்ளளவு 27 லீற்றர், உருளைகள் பன்னிரண்டு. போர் தொடங்கிய காலத்தில் அது தந்த வலு ஏறக்குறைய ஆயிரம் குதிரைவலு. போர் முடியுங் காலத்தில் அதன் பிந்திய வகைகள் இரண்டாயிரத்தைக் கடந்தன. கொள்ளளவில் மாற்றமே இல்லை. சூப்பர்சார்ஜரைத் திருத்தியவர்களுள் ஸ்ரான்லி ஹூக்கர் முதன்மையானவர். அவர் 1938இல் அந்நிறுவனத்திற் சேர்ந்த கணித அறிஞர். சிறந்த எரிபொருளாகிய 100 ஒக்ரேன் பெற்றோலும் துணை நின்றது.

எனினும் வெற்றியின் வேர் வேறோர் இடத்தில் இருந்தது. அந்நிறுவனத்தார் இயந்திரத்தைச் சோதனைக் கூடத்தில் நிறுத்தி, ஏதேனும் ஓர் உறுப்பு முறியும்வரை முழு வலுவில் ஓட்டுவர். முறிந்த உறுப்பை ஆராய்ந்து, உறுதியாக்கி, மீண்டும் ஓட்டுவர். அடுத்த உறுப்பு முறியும். அதனையும் உறுதியாக்குவர். வலுவை ஒரு படி ஏற்றினால், தாங்குந்திறனையும் ஒரு படி ஏற்றினர். பர்க்கினின் காரில் வலு முன்னே ஓடியது, உறுதி பின்னே தள்ளாடி வந்தது. மெர்லினில் இரண்டும் கைகோத்து நடந்தன. வேறுபாடு இதுவே.

பிற்காலத்தில் வெளியார் ஒருவர் சொகுசுக் காரின் இயந்திரத்தைத் திருத்தி, அதனைச் செய்தவரின் மதிப்பையே பெற்ற வரலாறும் உண்டு. ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஹான்ஸ் வெர்னர் அவுஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்னும் இரு பொறியியலாளர்கள் 1967இல் தமக்கென ஒரு வேலைத்தலத்தைத் தொடங்கினர். தம் பெயர்களின் முதலெழுத்துகளையும், அவுஃப்ரெக்டின் பிறந்த ஊரான குரோசாஸ்பாக்கின் முதலெழுத்தையும் சேர்த்து ஏ.எம்.ஜி. என்று பெயரிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது மெர்சிடிஸ் 300 எஸ்.ஈ.எல். என்ற பெரிய கார். செல்வர்கள் பின்னிருக்கையில் சாய்ந்து செல்வதற்கென அமைந்தது. ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட எடை உடையது. அதன் 6.3 லீற்றர் இயந்திரத்தை 6.8 லீற்றராகப் பெருக்கினர். 250 குதிரைவலு 428 ஆயிற்று. 1971ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் நடந்த இருபத்துநான்கு மணிநேரப் போட்டியில் அந்தப் பருத்த கார் இரண்டாம் இடம் பெற்றது. ஒருநாள் முழுதும் ஓடி முடித்தது என்பதே அங்குக் கருதத்தக்கது. இயந்திரத்தின் உள்ளியல்பை அதன் பிறப்பிடத்திலேயே கற்றவர்கள் செய்த திருத்தம் அது. பின்னாளில் ஏ.எம்.ஜி.யைப் படிப்படியாகத் தாய் நிறுவனமே வாங்கிக்கொண்டது.

இக்காலத்தில் வலுவை ஏற்றும் வேலை தோற்றத்தில் மிக எளிதாகிவிட்டது. டர்போ பூண்ட சொகுசுக் கார்களில், எவ்வளவு காற்றைத் திணிக்க வேண்டும், எப்போது தீப்பொறி எழ வேண்டும் என்பவற்றைச் சிறு கணினி ஒன்று முடிவு செய்கிறது. அதிலுள்ள கட்டளைகளை மாற்றி எழுதினாற் போதும். குறடும் திருகாணியும் தேவையில்லை. அரைமணி நேரத்தில் வலு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடிவிடலாம். டர்போ இல்லாத இயந்திரத்திலோ அதே வேலை மிகச் சிறிய பயனையே தரும். விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

கட்டளையை மாற்றலாம், உலோகம் மாறுவதில்லை. உருவாக்கியோர் ஓர் இயந்திரத்தை அதன் எல்லைவரை ஓட்டுவதில்லை. சிறிது வலுவை வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கின்றனர். கோடை வெப்பம், தாழ்ந்த தரமான பெற்றோல், காலந்தாழ்த்தி மாற்றிய எண்ணெய், பத்தாண்டுத் தேய்மானம் ஆகிய யாவற்றையும் தாங்குவதற்கென வைத்த சேமிப்பு அது. வலுவை ஏற்றுபவர் பெரும்பாலும் புதிதாக எதனையும் படைப்பதில்லை. அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவிடுகிறார். விதைநெல்லை உண்ட வீட்டுக்கு அன்றைக்கு மாத்திரம் வயிறு நிறையும்.

இலங்கைச் சூழலில் அந்தச் சேமிப்பு இன்னும் இன்றியமையாதது. குளிர்நாட்டில் 15 பாகை வெப்பத்தில் உள்ள காற்றைவிட, திருகோணமலையின் 35 பாகைக் காற்று ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே வலுவைப் பெற டர்போ மேலும் கடுமையாகச் சுழல வேண்டும். திணித்த காற்று மேலும் சூடாகும். உயர்ந்த ஒக்ரேன் பெற்றோலுக்கென எழுதிய கட்டளையோடு ஓடும் காரில் 92 ஒக்ரேன் பெற்றோலை நிரப்பினால், தீப்பொறி மூட்டிய சுவாலை பரவி வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை தானாகவே வெடித்து, சுத்தியலால் அடிப்பதுபோல் பிஸ்டனைத் தாக்கும். கணினி அதனை உணர்ந்து வலுவைத் தானே குறைக்க முயலும். அதனால் இயலாதவிடத்துப் பிஸ்டன் உருகும் அல்லது உடையும். 2022இல் எரிபொருள் நெருக்கடி மூண்டு, பெற்றோல் பங்கிட்டு வழங்கப்பட்ட நாள்களை மறவாதவர்கள், எந்தத் தரம் எந்நாளும் கிடைக்கும் என்று உறுதி கூறத் துணியமாட்டார்கள்.

இயந்திரம் கெட்டால் நட்டம் பணத்தோடு போகும். நிறுத்த முடியாமற் போனால் நட்டம் உயிரோடு போகும். வேகம் மணிக்கு 70 கிலோமீற்றரிலிருந்து 100 கிலோமீற்றருக்கு ஏறினால், ஓடும் காரில் அடங்கிய ஆற்றல் இருமடங்காகிறது. பிரேக் போட்டபின் கார் ஓடும் தூரமும் ஏறக்குறைய இருமடங்காகிறது. இந்நாட்டில் சாதாரண வீதிகளில் காருக்கு விதித்த எல்லை 70, ஊர்மனைகளில் 50, அதிவேக நெடுஞ்சாலையில் 100. மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்கு வரும் வீதியில் மாடு குறுக்கிடும். பள்ளிப்பிள்ளைகள் துவிச்சக்கர வண்டியில் வருவர். அங்கே 428 குதிரைவலு என்ன செய்யும்? ஆகவே வலுவை ஏற்றுவோர் பிரேக், டயர், கியர்ப் பெட்டி, குளிராக்கி ஆகியவற்றையும் அதே அளவில் உயர்த்துதல் வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்பவருக்கு வலுவை ஏற்றவும் தகுதி இல்லை.

இவ்விடத்தில் தொழில் செய்யும் இளைஞரின் நேர்மை சோதனைக்கு உள்ளாகிறது. சொந்தக்காரர் வலுவை மாத்திரம் கேட்கிறார், பணமும் நீட்டுகிறார். மறுத்தால் அடுத்த கராஜுக்குப் போய்விடுவார். என்றாலும் முதலிற் செய்யத்தக்கது பரிசோதனையே. உருளைகளின் அமுக்கம் ஒத்திருக்கிறதா, காற்று வடிகட்டி தூய்மையாக உள்ளதா, தீப்பொறிச் செருகிகள் செவ்வையாக இருக்கின்றனவா, எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்று பார்த்தல் வேண்டும். வலு குறைந்துவிட்டது என்று வரும் கார்களுட் பல, இழந்த வலுவை இந்தப் பராமரிப்பாலேயே மீளப் பெறும். அதன் பின்னும் ஏற்றியே தீரவேண்டும் என்பவரிடம், எந்த உறுப்புக்கு என்ன சுமை கூடும், காரின் உத்தரவாதம் என்னவாகும், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டுமா என்பவற்றை ஒளியாமற் சொல்லுதல் வேண்டும். சொல்லாமற் செய்த வேலை எத்துணைத் திறமையானதாயினும் நல்ல வேலை ஆகாது. ஓட்ட வேகத்தை விரும்புவோர்க்கு அதற்கென வகுத்த ஓடுபாதையே இடம். பொது வீதி அதற்குரிய களம் அன்று.

மனித அறிவு இயந்திரத்தின் வலுவைக் கூட்டிக்கொண்டே செல்லும். அதனைத் தடுப்பாரும் இல்லை. தடுக்க வேண்டுவதும் இல்லை. பர்க்கினின் துணிவு இல்லாமல் புதுமை பிறவாது. சோதனைக் கூடத்தில் முறிந்த உறுப்பைக் கையிலெடுத்து, ஏன் முறிந்தது என்று பொறுமையோடு வினவியவர்கள் இல்லாமல் அந்தப் புதுமை நிலைக்காது. ஓர் இயந்திரம் எவ்வளவு வலுத் தருகிறது என்று கேட்பது வாங்குபவரின் கேள்வி. அந்த வலுவை எத்தனை நாளைக்குத் தாங்கும், வேண்டும்போது நிற்குமா என்று கேட்பது தொழிலறிந்தவரின் கேள்வி. நீர் இறைக்கும் இயந்திரமாயினும் கோடி ரூபாய்க் காராயினும், திருகாணியில் கை வைக்குமுன் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்திருத்தல் வேண்டும்.