தீட்டுவதும் தீட்டும்

(தேனியில் சவரத் தொழிலாளர்களும் விவசாயத் தோழர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



பல் விழுந்த ஒரு சவரக் கத்தியை மறுபடியும் முகத்தில் வைக்கத் தகுந்ததாகச் செய்வது எப்படி என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட சங்கதி. இதற்கு ஒரு கூட்டமா, ஒரு தலைவரா என்று சிலர் சிரிக்கலாம். வைகுண்டத்தின் வாசல் என்றைக்குத் திறக்கும் என்று ராத்திரி முழுவதும் காலட்சேபம் கேட்கிறவர்கள், கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு இரும்பைப் பற்றிப் பேசுவதைக் கண்டு சிரிப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை.

முதலில் கத்தியைப் பாருங்கள். வாயை மேலாக வைத்து விளக்குக்கு நேரே பிடித்தால், நல்ல வாய் ஒளியைத் திருப்பாது. கறுத்த கோடாகவே இருக்கும். எங்கே ஒரு பொட்டு மின்னுகிறதோ அங்கே பல் இருக்கிறது. கீழே விழுந்தாலும், குழாயில் இடித்தாலும், ஈரத்தோடு மடித்து வைத்துத் துரு தின்றாலும் பல் விழும். பல்லிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தால் அந்தக் கத்தி முடிந்தது, அதற்கு வைத்தியமில்லை. எறிந்துவிட வேண்டியதுதான்.

நம்மவர்கள் வருஷத்துக்கொரு நாள் கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை படைக்கிறார்கள். அந்தச் சந்தனத்தின் ஈரத்தில் துரு ஏறியதைக் கண்டிருக்கிறோமே தவிர, பல் அடைந்ததைக் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை தீட்டக்கூடாது, அமாவாசையில் தொடக்கூடாது என்பதும் அப்படியே. கல்லுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

மற்றொரு தவறும் உண்டு. சந்தையில் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிச் சாணை பிடிக்கிறவரிடம் அரிவாளோடு சவரக் கத்தியையும் கொடுத்து விடுகிறார்கள். அரிவாளுக்கு அவர் சரியான ஆள். சவரக் கத்தியின் வாயோ மிகவும் மெல்லியது. சுழலுகிற கல்லின் சூட்டில் அது ஒரு நொடியில் நீலம் பாய்ந்து விடும். நீலம் பாய்ந்தால் எஃகு ஏறக்குறைய 300 டிகிரி சூடு கண்டுவிட்டது என்று அர்த்தம். அதன் உறுதி போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் இரண்டு முகத்துக்குத் தாங்காது. அன்றியும், 1895-ல் பெரியாற்று அணை வந்தது முதல் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் அறுத்த கருக்கரிவாளைப் பார்த்துப் பழகிய நமக்கு, கூர் என்றாலே பல் பல்லாக இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். தாளை அறுக்க அது சரி. மயிரை அறுக்கிற வாயில் பல் இருந்தால் அது தோலைத்தான் பிறாண்டும்.

இனிக் கல்லுக்கு வருவோம். தண்ணீரில் தீட்டும் கற்கள் மூன்று போதும். ஆயிரம் நம்பர், நாலாயிரம், எட்டாயிரம். கல் சமமாயிருக்க வேண்டும். அதன் மேல் பென்சிலால் கோடுகள் போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் விரித்த உப்புத் தாளில் தேயுங்கள். கோடு முழுவதும் அழிந்தால் கல் சமம். நடுவில் மட்டும் நின்றால் அங்கே குழி இருக்கிறது, இன்னும் தேய்க்க வேண்டும்.

கத்தியைக் கல்லின் மேல் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் இரண்டும் ஒரே சமயத்தில் கல்லைத் தொட வேண்டும். இதுதான் இந்தத் தொழிலின் உயிர். முதுகின் தடிப்பே கோணத்தைத் தீர்மானிக்கிறது. சாதாரணக் கத்தியில் அது பதினாறு முதல் பதினெட்டு டிகிரி வரும். முதுகைத் தூக்கினால் சீக்கிரம் கூர் வருவது போலத் தோன்றும்; வந்தது கூரல்ல, மொண்ணை. வாய் முன்னால் போகும்படி தள்ளி, மறுமுனையில் முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப இழுங்கள். கல்லின் அகலத்தைவிடக் கத்தி நீளமானபடியால், அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக ஓட்ட வேண்டும். அழுத்த வேண்டாம்.

பல் இருக்கிற இடத்தை மட்டும் தேய்த்தால் என்ன என்று கேட்பார்கள். அப்படித் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகி, பல்லுக்குப் பதில் குழி கிடைக்கும். அரை மில்லிமீட்டர் பல்லானாலும் வாய் முழுவதும் அந்தப் பல்லின் அடிமட்டத்துக்கு இறங்கியாக வேண்டும். மிச்சமிருக்கிற நல்ல வாயெல்லாம் அந்த ஒரு பல்லுக்காகத் தேயத்தான் வேண்டும். இதற்கு ஒரு மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். அவசரக்காரர் இங்கேதான் கெடுக்கிறார்.

ஆயிரம் நம்பர் கல்லில் பல் மறைந்து, முழங்கை மயிரை எந்த இடத்திலும் ஒன்று போலச் சிரைத்தால் அடுத்த கல்லுக்குப் போகலாம். முந்திய கல்லின் கீறல் அழியும் வரை அடுத்த கல்லை விடக்கூடாது. கடைசிக் கல்லில் கத்தியின் பாரமே போதும். அப்புறம் வார். துணியில் இருபது தடவை, தோலில் ஐம்பது தடவை. இங்கே முதுகு முன்னால் போக வேண்டும். வாய் முன்னால் போனால் வார் அறுந்துபோகும். தொங்கவிட்ட ஒரு மயிர், தொட்டதும் துண்டானால் கத்தி தயார். முகத்தை வெந்நீரில் நனைத்துச் சோப்பு நுரையில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறவிட்டபின் வைத்துப் பாருங்கள். இழுக்கிறதென்றால் வெட்கப்படாமல் கடைசிக் கல்லுக்குத் திரும்புங்கள்.

நிற்க. இவ்வளவு நுட்பமும் பொறுமையும் வேண்டிய வேலையை அறிந்தவனைத்தான் நம் நாட்டில் திண்ணைக்கு மேல் ஏறாதே என்றார்கள். முகத்தைத் தொட்டபோது தீட்டில்லை, சவரம் முடிந்ததும் தீட்டு, குளித்தால்தான் போகும். கத்தியைத் தீட்டியவன் கையில் தீட்டு எங்கிருந்து வந்தது? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாய் அமைந்தது நம்முடைய துரதிர்ஷ்டம்! பிரான்ஸ் தேசத்தில் நாவிதரிடம் தொழில் பழகிய அம்புரோவாஸ் பாரே என்பவர், பதினாறாம் நூற்றாண்டில் அரசர்களுக்கு ரண வைத்தியரானார். லண்டனில் நாவிதரும் ரண வைத்தியரும் 1745 வரை ஒரே சங்கத்தில் இருந்தார்கள். இங்கேயும் புண்ணை அறுத்தவர்கள் நாவிதர்கள், பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். மருத்துவர் என்ற பெயரைக் கொடுத்தோம், மரியாதையைக் கொடுத்தோமா?

இதில் சவரத் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. தாழ்த்தப்பட்ட தோழர்களுக்குச் சவரம் செய்ய மறுக்கிற கிராமங்கள் சுதந்திரம் வந்த பிறகும் நம் மாகாணத்தில் இருந்து வந்திருக்கின்றன. அவனுக்குச் சிரைத்த கத்தியோடு எங்களிடம் வராதே என்று மேல்ஜாதிக்காரன் மிரட்டுவதும், அதற்குப் பயந்து இவர் மறுப்பதும் நமக்குத் தெரியாததல்ல. தன்னைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியவனுடைய நியாயத்தை வாங்கித் தனக்குக் கீழே ஒருவனை நிறுத்தலாமா? 1955-ம் வருஷத்துச் சட்டப்படி இப்படி மறுப்பது குற்றம். மிரட்டுகிறவனும் தப்பக்கூடாது.

இன்னொரு கூட்டம், இது பரம்பரை வித்தை, ரத்தத்தில் ஊறியது என்று புகழும். இந்தப் புகழ்ச்சிதான் நமக்கு அதிகப் பயம். ராஜகோபாலாச்சாரியார் 1953-ல் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்த திட்டம் இந்தப் புகழ்ச்சியில் பிறந்ததுதான். அது 1954-ல் ஒழிந்தது. கல்லில் கத்தி ஓட்டுவதை யார் மகனும், யார் மகளும் கற்கலாம். நாவிதர் மகன் வேண்டாமென்று விட்டுப் போகவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. தீட்டினால் கூர் வரும், கிருமி சாகாது. ரத்தம் பட்ட கத்தி ஒருவர் முகத்திலிருந்து மற்றொருவர் முகத்துக்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் கூடவே போகக்கூடும். ஆகையால் கடையில் ஆளுக்கொரு புதுப் பிளேடு போடுங்கள். அதற்கென்று பாதி பிளேடு செருகுகிற கத்தி இருக்கிறது. இன்று நாம் சொன்ன கத்தி அவரவர் சொந்த முகத்துக்கு. உபயோகித்ததும் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி வையுங்கள்.

கற்களைத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறோம். பல் விழுந்த கத்தி கொண்டுவந்திருக்கிற தோழர்கள் முன்னால் வரலாம். விளக்கையும் சற்று இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள்.