நார்வே நோக்கி ஓர் ஆற்றுப்படை

திண்டிவனத்துக் கிடங்கில், நல்லியக்கோடனின் ஊர். பரிசில் பெற்ற பாணன் பெறாதவனுக்கு வழி சொல்லும் சிறுபாணாற்றுப்படை அவன்மேற் பாடப்பட்டது. அம்மரபு கடல் கடந்தும் வாழ்ந்தது. 1956இல் யாழ்ப்பாணத்துக் குருநகரின் அந்தோணி இராஜேந்திரம் நார்வே சென்றார். மீன்பிடித் தொழில் கற்றார். தாயகத்தில் சீநோர் நிறுவனம் எழ வழிகோலினார். அவர் காட்டிய வழியில் இளைஞர் பலர் அங்குச் சென்றனர்.

அந்நெய்தல் நிலத்தில் மலைகள் கடலுக்குள் இறங்கி நிற்கும். வடகோடியில் கோடைக் கதிரவன் நள்ளிரவிலும் மறையான். விழுப்புரத்து மார்கழிப் புல்நுனியில் வெயில் பட்டதும் மறைவதும் பனி. அங்கே மாதக்கணக்கில் மண்ணை மூடிக் கிடப்பதும் பனி. ஒரே சொல் இரண்டையும் எங்ஙனம் தாங்கும்? நார்வே காணச் செல்லும் கவிஞர் அதற்குரிய சொல்லோடு திரும்புக. பின்வருவோர்க்கு வழியும் சொல்லுக.